திட்டுக்கு ஒரு லத்தீன் வேர்

வேலை இடத்தில் அவளுக்குப் பஞ்சு என்று பெயர். மொழிபெயர்ப்பாளர்கள் காத்திருக்கும் அறையில் யாரோ விளையாட்டாக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. கல்லைக் கொடுத்தாலும் பஞ்சில் சுற்றித்தான் அடுத்தவர் கையில் கொடுப்பாள் என்று அர்த்தம். சாட்சிக் கூண்டில் நிற்பவன் "நாயே" என்று கத்தினால், இவள் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்போது அந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும் என்று கூட வேலை செய்யும் பெரியவர் ஒருவர் கிண்டல் செய்வார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்வது, உண்மைதானே.

பழக்கம் வீட்டில் ஆரம்பித்தது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் பேச்சை நிறுத்திக்கொண்டால் வாரக்கணக்கில் போகும். நடுவில் இவள். "அந்த ஆளுக்குப் பசிச்சா வந்து கொட்டிக்கச் சொல்லு" என்பாள் அம்மா. இவள் அடுத்த அறைக்குப் போய், "அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க" என்பாள். "எனக்கு ஒரு மண்ணும் வேணாம், அவளே தின்னு தீர்க்கட்டும்" என்பார் அப்பா. "அப்பாவுக்கு இப்ப பசி இல்லையாம்மா" என்று திரும்பி வந்து சொல்வாள். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தே வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு கணவருக்கும் அவருடைய அக்காவுக்கும் நடுவில் அதே உத்தியோகம் தொடர்ந்தது. நாத்தனார் போனில் கொட்டித் தீர்ப்பதை வடிகட்டி, சர்க்கரை போட்டு, ஆற்றி, கணவருக்குக் கொடுப்பாள். இப்படிப்பட்டவர்களைத்தான் உலகம் தங்கமான மனுஷி என்கிறது. சொல்வதற்கு என்ன, நோகாமல் சொல்லிவிட்டுப் போகிறது.

அவளுக்குக் கோபம் வராது என்று நினைத்துவிடக் கூடாது. நன்றாக வரும். வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். அதை விழுங்கி விழுங்கி அவளுக்கு வயிற்றுப்புண்ணே வந்துவிட்டது. அதற்கு மாத்திரை சாப்பிடுகிறாள்.

அவள் போய் வரும் இடம் தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம். பெயர்தான் பெரிது. ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில், கால் படும் இடமெல்லாம் தேய்ந்துபோன கம்பளமும், ஒரு பக்கம் மட்டும் குளிரும் ஏசியும், மூடி தொலைந்த தண்ணீர் ஜாடியும் உள்ள ஓர் அறை. அங்கே எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும். வேலை போனவர்களுக்கோ ஆங்கிலம் வராது. அதனால்தான் அவளுக்கு அங்கே ஒரு நாற்காலி.

அந்த வேலைக்கு விநோதமான சில சட்டங்கள் உண்டு. சாட்சி "நான்" என்றால் மொழிபெயர்ப்பவரும் "நான்" என்றே சொல்ல வேண்டும். "அவர் சொல்கிறார்" என்று தள்ளி நின்று பேசக் கூடாது. தன் சொந்த வாயால் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், அப்போதுதான் தன்னையே மூன்றாம் மனுஷியாக்கிக்கொண்டு, "மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார்" என்று ஆரம்பிக்க வேண்டும். அடுத்தவருடைய வாய்க்கு "நான்", தன் வாய்க்கு "அவர்". பல வருஷம் இப்படிப் பேசினால் மனுஷிக்குத் தான் யார் என்பதே மறந்துபோகும். இன்னொரு சட்டம்: சொல் தெரியவில்லையென்றால் நடுவில் உட்கார்ந்திருக்கும் தலைவரிடம், எல்லோர் காதிலும் விழும்படி கேட்க வேண்டும். எந்தக் கட்சிக்காரரிடமும் கேட்கக் கூடாது. அவள் தவறியது அந்தச் சட்டத்தில்தான்.

அன்றைய வழக்கு ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த அம்மாவுடையது. வார்டுகளிலிருந்து மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைப் பிரித்து, எது கொதிநீருக்கு, எது சாதாரணத் தண்ணீருக்கு என்று தள்ளுவது அவருடைய வேலை. வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். மேற்பார்வையாளரை எல்லோர் முன்னிலையிலும் அவமதித்தார் என்பது குற்றச்சாட்டு. வேலை திரும்பக் கிடைக்க வேண்டும், அது ஒன்றுதான் அவர் கேட்டது.

அவர் பக்கம் தொழிற்சங்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். வந்தார், உட்கார்ந்தார், கண்ணைப் பாதி மூடிக்கொண்டார். எதிர்ப்பக்கம் ஆஸ்பத்திரியின் வக்கீல். அந்த ஆளுக்குப் பெரிய வார்த்தை என்றால் உயிர். நேரமாகிவிட்டது என்று சொல்வதற்கே நாலு லத்தீன் துண்டைச் செருகுவார். படித்ததை மறைக்கத் தெரியாதவர்கள் ஒரு ரகம், படித்ததை வைத்து மறைப்பவர்கள் இன்னொரு ரகம். இவர் இரண்டாவது ரகம் என்பது மத்தியானம்தான் தெரிந்தது.

குறுக்கு விசாரணையில் அவர் எழுந்து, சட்டையின் கைப்பட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, ஆங்கிலத்தில் கேட்டார்: உங்கள் மேற்பார்வையாளரை நீங்கள் 'ஆப்ஜர்கேட்' செய்தீர்களா, இல்லையா?

பஞ்சுவுக்கு அந்த வினைச்சொல் தெரியாது. இத்தனை வருஷத்தில் அதை யார் வாயிலும் கேட்டதில்லை. தலைவர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அறை காத்திருந்தது. தெரியாது என்று மைக்கில் சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது. வக்கீல் பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில் நின்றிருந்தார். அவள் மெல்லச் சாய்ந்து, "அந்தச் சொல்லுக்குப் பொருள்?" என்று கிசுகிசுத்தாள்.

வக்கீல் பெரிய மனது பண்ணிச் சிரித்தார். அசிங்கமாகப் பேசுவது, கெட்ட வார்த்தையால் ஏசுவது என்று அவரும் கிசுகிசுத்தார்.

அவள் திரும்பி அந்த அம்மாவிடம் தமிழில் கேட்டாள். "உங்க மேற்பார்வையாளரைக் கெட்ட வார்த்தையால ஏசுனீங்களா?"

அந்த அம்மா தூக்கிவாரிப் போட்டதுபோல் நிமிர்ந்தார். "சத்தியமா இல்ல. என் வாயில அந்த மாதிரி வார்த்தை வரவே வராது. வேணும்னா யாரை வேணா கேளுங்க."

"இல்லை" என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள், மற்றதையும் சொன்னாள். வக்கீல் தலைவரைப் பார்த்து லேசாகக் குனிந்தார். பிறகு மேற்பார்வையாளரை அழைத்தார். அவரும் தமிழ் பேசுகிறவர்தான், ஆங்கிலமும் வரும். சலவைக்கூடமே அதிரும்படி அந்த அம்மா தன்னை நிற்க வைத்துத் திட்டினார் என்றார். அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தர் வந்து, கண்ணாடிக் கதவு மூடியிருந்தும் தனக்குக் கேட்டது என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு, இத்தனை பேர் காதில் விழுந்த ஒன்றை இந்தச் சாட்சி சத்தியம் பண்ணி மறுக்கிறார் என்றால், இவர் சொல்லும் மற்றதை எப்படி நம்புவது என்றார்.

தலைவர் படித்தவர். அந்தச் சொல்லுக்கு உண்மையான பொருள் அவருக்குத் தெரியும் போலிருக்கிறது. அவர் காதில் கேள்வி ஒன்றாக விழுந்தது, அந்த அம்மாவின் காதில் வேறொன்றாக விழுந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாவைப் பார்த்த பார்வையைப் பஞ்சு பார்த்தாள். பொய்க்காரர்களைப் பார்க்கும் பார்வை. சாப்பாட்டுக்குப் பிறகு கூடலாம் என்று அவர் எழுந்து போனார்.

அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த அம்மா மறுத்த விதம் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. தாழ்வாரத்தின் கோடியில் சட்டப் புத்தகங்கள் அடுக்கிய சிறிய அறை ஒன்று உண்டு. அங்கே மேசைமேல் கிடந்த தடித்த ஆங்கில அகராதியைத் திறந்தாள்.

ஆப்ஜர்கேட்: கடுமையாகக் கண்டித்தல், திட்டுதல். அரிய வழக்கு. அவ்வளவுதான். கெட்ட வார்த்தை என்ற பேச்சே அங்கே இல்லை.

கீழே பொடி எழுத்தில் லத்தீன் மூலம் இருந்தது. 'ஓப்' என்றால் எதிரே, முகத்துக்கு நேரே. 'யுர்காரே' என்றால் சச்சரவிடுதல், வழக்காடுதல். அதையும் பிரித்துப் போட்டிருந்தார்கள். 'யூஸ்' என்றால் சட்டம், உரிமை, நியாயம். 'அகெரே' என்றால் நடத்துவது, முன்னால் செலுத்துவது. ஆக, அந்த வார்த்தை பிறந்தபோது அதற்கு வசவு என்று பொருளே இல்லை. தன் நியாயத்தை எடுத்துக்கொண்டு போய், தப்புச் செய்தவன் முகத்துக்கு நேரே நடத்துவது. நாம் தினமும் சொல்கிறோமே, "அவன் வீட்டுக்கே போய் நியாயம் கேட்டுட்டு வந்தேன்" என்று, அதேதான். ஜஸ்டிஸ் என்ற சொல்லும் அதே 'யூஸ்' வீட்டுப் பிள்ளைதான் என்று போட்டிருந்தது. காயத்தைச் சொல்லும் இஞ்சுரிகூட அந்த வீடுதான். நியாயம் இல்லாமல் செய்யப்பட்டது என்பதுதான் அதன் முதல் பொருளாம்.

அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளே கொதித்துக்கொண்டு வந்தது. அந்த மனுஷன் ஏன் திட்டினாயா என்று சாதாரணமாகக் கேட்கவில்லை? கேட்டால் அடுத்த கேள்வியைத் தலைவரே கேட்பார்: எதற்காகத் திட்டினாய்? அந்தக் கேள்வி வந்தால் ஆஸ்பத்திரி நாறும், அதனால்தான் போலிருக்கிறது. யாருக்கும் புரியாத ஒரு சொல்லைத் தேடிப்பிடித்து, நியாயம் கேட்டதையே குற்றமாக எழுதி, பொருள் கேட்டு வந்தவளிடம் பொய்யைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். கூசாமல், சிரித்துக்கொண்டே. என்ன ஜென்மம்!

தன்மேலும் கோபம் வந்தது, இன்னும் அதிகமாக. இவனிடம் போய்க் கேட்டாளே! தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, ஒரு மனுஷியின் சோற்றில் மண்ணைப் போட்டாளே!

காத்திருக்கும் அறையில், நாய் வாலாட்டும் கதை சொல்லும் பெரியவர் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"விடும்மா," என்றார் அவர். "தப்பா சொன்னேன்னு நீயே ஒத்துக்கிட்டா உன்னை இனிமே யார் கூப்பிடுவாங்க? அதுவும் ஒரு பக்கத்து வக்கீல்கிட்டப் பொருள் கேட்டேன்னு சொல்லுவியா? பட்டியல்லேர்ந்தே எடுத்துடுவாங்க."

"அந்தம்மாவுக்கு வேலை போயிடும் சார்."

"அது ஏற்கெனவே போன வேலைதானே. நீ ஏன் தலையைக் கொடுக்கற?"

அவருக்கு நல்ல எண்ணம்தான். எல்லா அநியாயத்துக்குப் பக்கத்திலும் இப்படி நல்ல எண்ணத்தோடு டிபன் டப்பாவை மூடுகிறவர் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். அவள் எழுந்து போனாள்.

மத்தியானம் எல்லோரும் உட்கார்ந்ததும் அவள் எழுந்து நின்றாள். மைக்கை இழுத்துக்கொண்டாள். "மொழிபெயர்ப்பாளர் தன்னுடைய பிழையொன்றைத் திருத்த அனுமதி கேட்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

வக்கீல் உடனே துள்ளி எழுந்தார். மொழிபெயர்ப்பாளர் எப்போதிலிருந்து சாட்சி ஆனார் என்று கேட்டார். தலைவர் அவரைக் கையமர்த்திவிட்டு, என்ன பிழை என்றார். அவள் சொன்னாள். திட்டினீர்களா என்று கேட்க வேண்டியதை, கெட்ட வார்த்தையால் ஏசினீர்களா என்று கேட்டுவிட்டதாகவும், சாட்சி மறுத்தது அதை மட்டும்தான் என்றும் சொன்னாள்.

"அந்தப் பொருள் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது?" என்றார் தலைவர்.

பஞ்சு சுற்ற அவளுக்கு இடமிருந்தது. குழப்பம், அவசரம், சரியாகக் காதில் விழவில்லை என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். "ஆஸ்பத்திரி வக்கீலிடமிருந்து" என்றாள்.

தனக்கு அப்படி எதுவும் நினைவில்லை என்றார் வக்கீல். இருக்காது. தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு கட்சியின் வக்கீலிடம் பொருள் கேட்டதே தவறு, அது பதிவாகும் என்று அவளிடம் சொன்னார். பிறகு வக்கீல் பக்கம் திரும்பி, அவர் சொல்வது உண்மையாக இருந்தால் நீங்கள் செய்தது அதைவிடப் பெரிய தவறு, அதுவும் பதிவாகும் என்றார். அதற்குப் பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, எல்லோருக்கும் புரிகிற எளிய ஆங்கிலத்தில், தானே கேட்டார்: மேற்பார்வையாளரைத் திட்டினீர்களா? எதற்காக?

அவள் தமிழில் கேட்டாள்.

"ஆமா, திட்டுனேன்," என்றார் அந்த அம்மா. "இதைக் கேக்கறதுக்கா இவ்வளவு நேரம்? நல்லாத் திட்டுனேன்."

"என்ன சொன்னீர்கள்?" என்றார் தலைவர்.

அந்த அம்மா தலைவருக்குப் பதில் சொல்லவில்லை. நேராக மேற்பார்வையாளர் பக்கம் திரும்பிக்கொண்டார். சொன்னதைத் திருப்பிச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை, திரும்பத் திட்டத்தான் தெரிந்தது.

"ஏன்யா, கண்ணுன்னு ஒண்ணு இருக்கா உனக்கு? மூட்டையைப் பிரிச்சா ஊசி கெடக்கு, பிளேடு கெடக்கு. வார்டுல எடுக்காம அப்படியே சுருட்டி அனுப்புறாங்க. தடிச்ச கையுறை குடுன்னு எத்தனை தடவை கேட்டேன்? பாத்து எடுக்க வேண்டியதுதானேன்னு சொன்ன! ரத்தம் ஊறின துணிக்குள்ள எங்கய்யா பாக்கறது?"

மூச்சு வாங்க அவர் நிறுத்தினார். அது பஞ்சுவின் முறை. மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தபோது அவளுக்கே பழக்கமில்லாத குரல் ஒன்று வந்தது. கண் இருக்கிறதா உனக்கு என்று ஆங்கிலத்தில் கத்தினாள். எத்தனை முறை கேட்டேன், நான் எத்தனை முறை கேட்டேன் என்றாள். ஒன்றையும் சுற்றவில்லை, ஒன்றையும் ஆற்றவில்லை. அந்த அம்மா மேசையில் தட்டிய இடத்தில் தானும் தட்டினாள்.

வக்கீல் எழுந்தார். மொழிபெயர்ப்பாளர் என் சாட்சியைப் பார்த்துச் சத்தம் போடுகிறார் என்று முறையிட்டார்.

"மனுதாரர் சத்தம் போடுகிறாரா?" என்றார் தலைவர்.

"போடுகிறார்."

"அப்படியானால் மொழிபெயர்ப்பு சரியாகத்தான் நடக்கிறது. உட்காருங்கள்."

"அந்தப் பொண்ணு கையில ஊசி ஏறிடுச்சு," என்று அந்த அம்மா தொடர்ந்தார். "கூட நின்னு வேலை செய்யற பொண்ணு, கைக்குழந்தைக்காரி. என்ன சொன்ன நீ? சோப்புப் போட்டுக் கழுவிட்டு வேலையைப் பாருன்னு சொன்ன. யாருக்குக் குத்தின ஊசி, என்ன வியாதிக்குக் குத்தின ஊசின்னு உனக்குத் தெரியுமா? உன் வீட்டுப் பொம்பளை கைன்னா இப்படிச் சொல்லுவியா? மனுஷனா நீ? மனுஷனான்னு கேட்டேன். இப்பவும் கேக்கறேன்."

மேற்பார்வையாளர் பாடு திண்டாட்டம்தான். இரண்டு மொழியும் தெரிந்த பாவத்துக்கு ஒவ்வொரு திட்டையும் இரண்டு தடவை வாங்க வேண்டியிருந்தது. தமிழில் வாங்கித் தலையைக் குனிவார், நிமிர்வதற்குள் ஆங்கிலத்தில் வரும். "மனுஷனா நீ" என்பதை அவள் ஆங்கிலத்தில் சொன்னபோது, பாதிக் கண் மூடியிருந்த சங்கத்துக்காரர்கூட விழித்துக்கொண்டார்.

தலைவர் மேற்பார்வையாளரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கையுறை கேட்டாரா? அவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் காகிதத்தைப் பார்த்தார். "கேட்டாங்க" என்று வந்தது பதில், தமிழில். அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். கொடுத்தீர்களா? "இல்ல."

சாயங்காலமே முடிவு வந்தது. திட்டியது உண்மை, காரணம் இருந்தது, நீக்கியது செல்லாது. திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகலாம், கையுறை ஆஸ்பத்திரி கொடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பு பதிவாளருக்குப் போகும், அவர் முடிவு சொல்லும்வரை மொழிபெயர்ப்பாளரை எந்த வழக்குக்கும் அழைக்க வேண்டாம் என்பதையும் தலைவர் அதே குரலில் வாசித்தார். அதையும் அவளே தமிழில் சொன்னாள்.

கைப்பையை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் நில்லுங்க."

அந்த அம்மா வேகமாக வந்துகொண்டிருந்தார். பஞ்சு சிரித்தபடி திரும்பினாள். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

"அந்த வார்த்தை உங்களுக்குக் காலையில தெரியாதா?"

"தெரியாதுக்கா."

"தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே! வாயில என்ன, கொழுக்கட்டையா? என்னைக் கெட்ட வார்த்தை பேசுனியான்னு அத்தனை பேர் முன்னாடி கேக்கற. நான் சத்தியம் பண்றேன். நடுவுல உட்கார்ந்திருந்த தலைவர் என்னைப் பொய்க்காரி மாதிரி பாக்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியல." 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. குரல் உள்ளே திட்டியதைவிட ஏறியிருந்தது. லிஃப்டுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அங்க பாரு, என் பொண்ணு. லீவு போட்டுட்டு எனக்காக வந்து பின்னால உட்கார்ந்திருந்தா. சாப்பாட்டு நேரத்துல என்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? அத்தனை பேர் காதுல விழுந்துச்சுன்னு சொல்றாங்க, ஏம்மா பொய் சொன்னன்னு கேட்டா. பெத்த பொண்ணு! நான் வாயில வெச்ச சோத்தை முழுங்க முடியாம உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தைத் திருப்பித் தருவியா நீ?"

வேலையைக் காப்பாற்றியது நான்தான், அதற்காக என் வேலை போயிருக்கிறது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவள் சொல்லவில்லை. இந்தக் கட்டடத்தில் இத்தனை பேர் இருக்க, தனக்குத் தப்புச் செய்தவளை நேரே தேடி வந்து கேட்கிறார். கேட்கட்டும். இதை யாருக்கும் மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை, இது அவளுக்கே வந்த திட்டு.

"தர முடியாதுக்கா," என்றாள். "தப்பு என்னுதுதான்."

"உன்னுதுதான்," என்றார் அந்த அம்மா. இன்னும் கோபம் தணியாமல், புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, மகள் நின்றிருந்த பக்கம் நடந்து போனார்.